மார்ச்சிலேயே ஆரம்பிக்கும் தேர்தல்: நியூயார்க் சிவில் கோர்ட் நீதிபதிக்கு முதல்முறை ஓட்டுப்போடுகிறவர்களுக்கு

குடியுரிமை வாங்கிய பிறகு நான் போட்ட முதல் ஓட்டு ஒரு நவம்பர் மாதம், குவீன்ஸில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். மேயர், கவுன்சில் உறுப்பினர் என்று தெரிந்த பெயர்களை எல்லாம் முடித்துவிட்டுப் பார்த்தால், ஓரத்தில் ஒரு கட்டம்: சிவில் கோர்ட் நீதிபதி. எத்தனை இடமோ அத்தனை பெயர்தான் இருந்தது, அதுவும் அதே பெயர்கள் இரண்டு கட்சி வரிசையிலும். வட்டத்தைக் கறுப்பாக்கினால் என்ன, விட்டுவிட்டால் என்ன, முடிவு ஒன்றுதான். யாரும் என்னிடம் சொல்லாத விஷயம் அன்றைக்குப் புரிந்தது. அந்த நீதிபதியைத் தேர்ந்தெடுத்தது நவம்பரில் இல்லை, மார்ச்சில், யாரோ ஒருவர் தெருவில் நீட்டிய அட்டையில்.

அதற்கு அப்புறம் நாலைந்து தேர்தலில் நானே அட்டையைத் தூக்கிக்கொண்டு, வேட்பாளர் பெயர் வாக்குச்சீட்டில் ஏறுவதற்கான கையெழுத்து வாங்கப் போயிருக்கிறேன். அதில் கற்றுக்கொண்டதைப் புதிதாக வருகிறவர்களுக்கு எழுதி வைக்கலாமே என்றுதான் இது. நியூயார்க் நகரத்து ஐந்து போரோக்களுக்கு, அதாவது நகரத்தின் ஐந்து பெரும் பகுதிகளுக்கு, மட்டும்தான் இது பொருந்தும். பக்கத்து நியூஜெர்சியில் இந்த மாதிரி வழக்குகளைப் பார்க்கிற நீதிபதிகளுக்குத் தேர்தல் கிடையாது, ஆளுநர்தான் நியமிக்கிறார்.

முதலில், இந்த கோர்ட் உங்களுக்கு எதற்கு

நம்ம ஊரில் சிவில் நீதிபதி என்றால் டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுதி வருகிறவர். இங்கே அந்த நாற்காலிக்கு ஓட்டுக் கேட்டு வர வேண்டும். நகரம் முழுக்க இப்படித் தேர்ந்தெடுக்கிற இடங்கள் நூற்றுக்கும் மேல், ஒவ்வொன்றுக்கும் பதவிக்காலம் 10 ஆண்டு. 50,000 டாலர் வரையிலான வழக்குகள் இங்கே வரும். முன்பு அது 25,000-ஆக இருந்தது. 2021 நவம்பரில் மக்கள் ஓட்டுப்போட்டு அரசியல் சட்டத்தையே திருத்தி, 2022 ஜனவரியிலிருந்து இரட்டிப்பாக்கினார்கள். கிரெடிட் கார்டு கடன் வழக்கு, ஒப்பந்தக்காரர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போன வழக்கு, முன்பணத்தைத் திருப்பித் தராத வீட்டுக்காரர் மேல் 10,000 டாலருக்குள் போடுகிற ஸ்மால் கிளெயிம்ஸ் (சிறு தொகை) வழக்கு எல்லாம் இங்கேதான். பெயர் மாற்றமும் இங்கேதான், கட்டணம் 65 டாலர். அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு வளர்ந்த நம் ஆட்கள் எத்தனை பேர் அந்த ஜன்னலில் போய் நின்றிருக்கிறார்கள்!

வாடகை வழக்கு, வீட்டைக் காலி செய்யச் சொல்கிற வழக்கு எல்லாம் ஹவுசிங் கோர்ட்டில் நடக்கும். அது இதே சிவில் கோர்ட்டின் ஒரு பிரிவுதான், ஆனால் அங்கே உட்காருகிற ஹவுசிங் நீதிபதிகளுக்குத் தேர்தல் இல்லை. ஐந்தாண்டுக் காலத்துக்கு கோர்ட் நிர்வாகமே நியமிக்கிறது. கிரிமினல் கோர்ட் நீதிபதிகளை மேயர் நியமிக்கிறார். சென்னையில் பிறந்த ராஜ ராஜேஸ்வரி 2015-ல் நியூயார்க்கில் நீதிபதி ஆனார் என்று நம் பத்திரிகைகளில் எல்லாம் வந்ததே, அது அந்த வகை. அவரை நியமித்தவர் அப்போதைய மேயர் பில் டி பிளாசியோ. ஆகவே "நீதிபதிக்கு ஓட்டுப்போடு" என்று யாராவது சொன்னால் எந்த கோர்ட் என்று முதலில் கேளுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இந்த மாநிலத்தில் சுப்ரீம் கோர்ட் என்பது உச்ச நீதிமன்றம் இல்லை. பெரிய வழக்குகளை முதலில் விசாரிக்கிற கோர்ட்டுக்குத்தான் அந்தப் பெயர். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ், ஆல்பனியில்.

படி 1: கட்சியில் பதியுங்கள், பிப்ரவரி 14-க்குள்

பிடிக்கிறதோ இல்லையோ, இதைச் செய்யாமல் மற்றது எதுவும் நடக்காது. ஜூன் மாதம் நான்காவது செவ்வாய்க்கிழமை நடக்கிற பிரைமரியில், அதாவது ஒரு கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற தேர்தலில், அந்தக் கட்சியில் பதிந்தவர்கள் மட்டும்தான் ஓட்டுப்போட முடியும். நகரத்தின் பெரும்பாலான பகுதிகளில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் ஜெயித்தவர் நவம்பரில் தோற்பது அபூர்வம். நம் ஆட்களில் நிறையப் பேர் படிவம் நிரப்பும்போது "நமக்கெதற்குக் கட்சி" என்று, கட்சி வேண்டாம் என்கிற கடைசிக் கட்டத்தில் குறி போட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் போட்டேன். ஓராண்டு பிரைமரியில் ஓட்டே இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

முதல்முறையாக வாக்காளராகப் பதிகிறவர்கள் தேர்தலுக்குப் பத்து நாள் முன்புவரை பதியலாம், அதே படிவத்தில் கட்சியையும் குறிக்கலாம். ஏற்கெனவே கட்சி இல்லாமல் பதிந்தவர்கள், கட்சி மாற நினைப்பவர்கள் பிப்ரவரி 14-க்குள் மாற்றியாக வேண்டும். அந்தத் தேதி போனால் அந்த ஆண்டு பிரைமரி போச்சு. கட்சியில் பதிவது என்றால் சந்தா கட்டுவதோ கொடி பிடிப்பதோ இல்லை, அந்த ஒரு குறி மட்டும்தான். நவம்பரில் எந்தக் கட்சிக்கு வேண்டுமானாலும் போடலாம்.

படி 2: கையெழுத்துத் தாள் வரும்போது நின்று படியுங்கள்

பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை, ரயில் நிலைய வாசலிலும் மளிகைக் கடை முன்னாலும் அட்டையோடு ஆட்கள் நிற்பார்கள். வீட்டுக் கதவையும் தட்டுவார்கள். வேட்பாளர் பெயர் பிரைமரி வாக்குச்சீட்டில் ஏற வேண்டுமானால் அவர் கட்சியில் பதிந்த வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்கியாக வேண்டும். ஒரு போரோ முழுவதற்குமான நீதிபதி இடம் என்றால் 4,000. போரோவுக்குள் ஒரு வட்டாரத்துக்கு மட்டுமான இடம் என்றால் 1,500. (கட்சியில் பதிந்தவர்களில் 5 சதவீதம் என்கிற கணக்கு அதைவிடக் குறைவாக வந்தால் அது போதும்.) எதிராளி ஆட்சேபம் எழுப்பி ஒவ்வொரு கையெழுத்தாக அடிப்பார் என்று தெரிந்தே தேவையைவிட இரண்டு மூன்று மடங்கு வாங்குவார்கள். குறைந்துபோனால் வேட்பாளர் வெளியே. ஒரு ஓட்டுகூட எண்ணாமலே போட்டி முடிந்துவிடும்.

கடைசியில் ஒருவர்தான் மிஞ்சினார் என்று வையுங்கள். அந்த இடத்துக்கு ஜூனில் பிரைமரியே நடக்காது, போட்டியில்லாத பதவியை வாக்குச்சீட்டில் அச்சடிப்பதே இல்லை. நேராக நவம்பர். அங்கே மற்றக் கட்சியும் அதே ஆளை நிறுத்தச் சம்மதித்திருந்தால் நான் முதல்முறை பார்த்த அந்தக் கட்டம்தான் உங்களுக்கும் கிடைக்கும். நான் மார்ச்சைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசுவது இதனால்தான்.

ஒரு மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை, காற்று முகத்தில் அறைகிறது, கையுறையைக் கழற்றினால் விரல் பேனாவைப் பிடிக்காது. எங்கள் கட்டடத்தில் குடியிருக்கிற ஒரு பெரியவர், பவுன் தெரு பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டுத் திருநீற்றோடு வந்தவர், என் முன்னால் நின்றார்.

"ஏம்மா, நீதிபதிக்கெல்லாமா கையெழுத்து கேக்கறே? அவங்க பரீட்சை எழுதி வர்றவங்க இல்லையா?"

"இங்க ஓட்டுப்போட்டுதான் அங்கிள். நீங்க கையெழுத்து போட்டா அவங்க பேர் சீட்டுல வரும், அவ்வளவுதான். ஜூன்ல அவங்களுக்கே ஓட்டுப்போடணும்னு ஒண்ணும் இல்ல."

"நேத்திக்கே ஒரு பையன் வந்தான், அவன்கிட்டயும் போட்டேனே."

அங்கேதான் சிக்கல். ஒரே இடத்துக்கு ஒருவர் ஒரு வேட்பாளருக்குத்தான் கையெழுத்துப் போடலாம். இரண்டு இடம் காலி என்றால் இரண்டு பேருக்கு. அதைத் தாண்டிப் போட்டால் தேதியில் முந்தியதுதான் செல்லும், பிந்தியது செல்லாது. முந்தின நாள் அந்தப் பையன் நீட்டிய தாளில் கவுன்சில் வேட்பாளர், கட்சியின் டிஸ்ட்ரிக்ட் லீடர் (வட்டாரத் தலைவர்), கீழே ஒரு நீதிபதி என்று ஒரு பட்டியலே இருந்திருக்கிறது. பெரியவர் மேலே இருந்த பெயரை மட்டும் பார்த்துப் போட்டிருக்கிறார். கட்சி கிளப்புகள், அதாவது கட்சிக்காரர்களின் வட்டார அமைப்புகள், இப்படித்தான் பல பதவிகளை ஒரே தாளில் சேர்த்து அச்சடிக்கும். கிளப்பின் ஆதரவு பெற்ற நீதிபதி வேட்பாளருக்கு அந்த ஆட்களும் கால்களும் சும்மா கிடைக்கும். ஆதரவு இல்லாமல் நிற்கிறவர் தானே ஆள் சேர்த்துத் தனியாக அலைய வேண்டும். அன்றைக்கு அவரிடம் நான் வாங்கவில்லை. உள்ளே போய் டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார், போனேன்.

ஆகவே தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை படியுங்கள். நீதிபதி பெயர் இருக்கிறதா, எந்த இடத்துக்கு, அந்த ஆள் யார் என்று கேளுங்கள். வைத்திருப்பவருக்குப் பதில் தெரியவில்லை என்றால் வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் போடலாம், ஐந்து வாரம் இருக்கிறது. போடும்போது தேதி, கையெழுத்து, நீங்கள் பதிந்த அதே முகவரி, மூன்றும் ஒழுங்காக இருக்கட்டும். கணவருக்கு மனைவியோ மனைவிக்குக் கணவரோ போடவே கூடாது. இதை நம் வீடுகளில் ரொம்பச் சாதாரணமாகச் செய்கிறோம். அது பொய்க் கையெழுத்து, சாட்சியாகக் கீழே கையெழுத்திடுகிற தொண்டரையும் சேர்த்து மாட்டிவிடும்.

படி 3: ஆளை எடைபோடுவது எப்படி

கவுன்சில் வேட்பாளரிடம் கேட்பதுபோல் "வாடகைக்காரர் பக்கம் நிற்பீர்களா" என்று நீதிபதி வேட்பாளரிடம் கேட்டால் பதில் வராது. வரவும் கூடாது. எந்த வழக்கில் எப்படித் தீர்ப்புச் சொல்வேன் என்று வாக்குறுதி கொடுக்க விதி அனுமதிப்பதில்லை. அப்படி யாராவது கொடுத்தால் அவருக்குப் போடாமல் இருக்க அதுவே காரணம். அதேபோல வேட்பாளர் தானே நேரில் பணம் கேட்கக் கூடாது. அவருடைய பிரசாரக் குழு கேட்கலாம். கோயில் விழாவிலோ சங்கத்துப் பொங்கலிலோ வேட்பாளரே வந்து காசோலை கேட்டால் அது விதிமீறல்.

அப்புறம் எதைத்தான் கேட்பது? எத்தனை வழக்கை விசாரணைவரை கொண்டுபோய் நடத்தியிருக்கிறார், எந்த கோர்ட்டில், யார் பக்கம். ஹவுசிங் கோர்ட்டையும் கடன் வழக்கையும் உள்ளே இருந்து பார்த்தவரா. வக்கீல் இல்லாமல் தனியாக வந்து நிற்கிறவரிடம் எப்படி நடந்துகொள்வார். இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம், ஏனென்றால் சிவில் கோர்ட்டில் அப்படி வருகிறவர்கள் ஏராளம். நம்மவர்களில் ஆங்கிலம் தடுமாறுகிறவர்களுக்கு கோர்ட் இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும், அதைக் கேட்டு வாங்கத் தெரியாமல் தலையாட்டிவிட்டு வருகிறவரை நிறுத்தி "புரிந்ததா?" என்று கேட்கிற நீதிபதி வேண்டும் நமக்கு.

நகர வழக்கறிஞர் சங்கம் வேட்பாளர்களைக் கூப்பிட்டுப் பேசி, கூட வேலை செய்தவர்களிடம் விசாரித்து, ஏற்கத்தக்கவர் அல்லது ஏற்கத்தக்கவர் அல்ல என்று வெளியிடும். அதைக் கட்டாயம் பாருங்கள். அந்த விசாரணைக்கே போகாத வேட்பாளர் என்றால் ஏன் போகவில்லை என்று யோசியுங்கள். கோர்ட் நிர்வாகமே நீதிபதி வேட்பாளர்களின் படிப்பு, அனுபவம் எல்லாம் போட்டு இணையத்தில் ஒரு வாக்காளர் கையேடு வெளியிடுகிறது. அஞ்சலில் வருகிற பளபள அட்டைகளைவிட இந்த இரண்டும் எவ்வளவோ மேல்.

படி 4: ஓட்டுப்போடும் நாள்

இது சுலபம். ஒன்பது நாள் முன்கூட்டியே ஓட்டுப்போட வசதி உண்டு, சனி ஞாயிறு பார்த்துப் போய்விடுங்கள். பிரைமரியில் மேயருக்கும் கவுன்சிலுக்கும் ஒன்று இரண்டு மூன்று என்று வரிசைப்படுத்திப் போடுவீர்கள். நீதிபதிக்கு அப்படி இல்லை. "எவரேனும் இருவருக்கு" என்று போட்டிருந்தால் இரண்டு வட்டம், அவ்வளவுதான். மூன்றாவதாக ஒன்றைக் கறுப்பாக்கினால் அந்தப் பதவிக்கான உங்கள் ஓட்டே செல்லாது. மேயர் கட்டத்து வேகத்தில் இங்கேயும் வரிசை போட்டுவிடாதீர்கள்.

நீங்களே நிற்க நினைத்தால்

சிரிக்காதீர்கள், நம் பிள்ளைகளில் சட்டம் படித்தவர்கள் இப்போது இங்கே நிறைய. நகரத்தில் குடியிருக்க வேண்டும், நியூயார்க் மாநிலத்தில் வக்கீலாகப் பதிந்து 10 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். வருகிறவர்கள் பெரும்பாலும் உதவி அரசு வழக்கறிஞராகவோ, இலவச சட்ட உதவி வக்கீலாகவோ, ஒரு நீதிபதியிடம் கோர்ட் அட்டர்னியாகவோ (நீதிபதிக்கு உதவுகிற வக்கீல்) இருந்தவர்கள். கட்சி கிளப் கூட்டங்களுக்குப் பல ஆண்டு போய், மற்றவர்களுக்காகத் தெருவில் கையெழுத்து வாங்கி, முகம் தெரிந்தவர்களாக ஆனவர்கள். நிற்பது என்று ஆனதும் தேர்தல் ஒழுக்க விதிகளைப் பற்றிய வகுப்பில் உட்கார வேண்டும், சொத்துக் கணக்கு காட்ட வேண்டும். மற்ற நகரப் பதவிகளுக்கு நகராட்சி கொடுக்கிற இணைநிதி (சிறு நன்கொடைகளுக்கு ஈடாகத் தருகிற பிரசாரப் பணம்) நீதிபதி வேட்பாளருக்குக் கிடையாது.

ஜெயித்தால் ஜனவரி 1 அன்று பதவி, ஆண்டுக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் சம்பளம். ஆனால் சிவில் கோர்ட்டுக்கு ஜெயித்தவர் சிவில் கோர்ட்டிலேயே உட்காருவார் என்று நினைக்காதீர்கள். எங்கே ஆள் தேவையோ அங்கே அனுப்புவார்கள். முதல் சில ஆண்டுகள் கிரிமினல் கோர்ட்டிலோ குடும்ப நீதிமன்றத்திலோ போகிறவர்கள் ஏராளம். கடன் வழக்கைப் பார்க்கத்தான் தேர்ந்தெடுத்தோம் என்று நினைத்த நாம் ஜாமீன் முடிவு செய்கிறவரையும் சேர்த்தே தேர்ந்தெடுத்திருக்கிறோம். சில ஆண்டு கழித்துத் தற்காலிக சுப்ரீம் கோர்ட் நீதிபதியாக அமர்த்தப்படலாம். ஷீலா அப்துஸ் சலாம் இந்த வழியில் வந்தவர்: 1991-ல் சிவில் கோர்ட்டுக்கு ஜெயித்தார், 1993-ல் சுப்ரீம் கோர்ட், 2013-ல் கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ். அந்த உச்ச கோர்ட்டில் அமர்ந்த முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

எல்லோருக்கும் இந்தப் பாதை இப்படி நேராக இருக்காது. சுப்ரீம் கோர்ட் பதவி 14 ஆண்டு, அதற்கு பிரைமரி கிடையாது; கட்சிப் பிரதிநிதிகள் ஒரு மாநாட்டில் கூடி வேட்பாளரை முடிவு செய்வார்கள். மார்கரீட்டா லோபஸ் டோரஸ் 1992-ல் புரூக்ளினில் சிவில் கோர்ட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். தங்கள் ஆளை வேலைக்கு வைக்கச் சொல்லிக் கட்சித் தலைவர்கள் கேட்டார்கள், தான் மறுத்ததால் மாநாட்டில் தன்னை வரவே விடவில்லை என்பது அவர் தரப்பு. வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட்டுகள் இரண்டிலும் ஜெயித்தார். 2008 ஜனவரியில் வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: இந்த மாநாட்டு முறை நல்லதா கெட்டதா என்பது வேறு, அரசியல் சட்டம் அதைத் தடுக்கவில்லை என்று. ஆனால் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2005-ல், அவர் புரூக்ளினில் உயில் வழக்குகளைப் பார்க்கிற சரோகேட் பதவிக்கு நின்று ஜெயித்துவிட்டார். அந்தப் பதவிக்கு பிரைமரி உண்டு, கட்சியில் பதிந்த சாதாரண ஜனங்கள் ஓட்டுப்போடலாம். மாநாட்டில் மூடிய கதவு பிரைமரியில் திறந்தது.

அதே புரூக்ளினில் ஜனநாயகக் கட்சித் தலைவராக இருந்த கிளாரன்ஸ் நார்மன் 2007-ல் குற்றவாளி என்று தீர்ப்பானது. 2002-ல் சிவில் கோர்ட்டுக்கு நின்ற ஒரு வேட்பாளரிடம், நான் சொல்கிற ஆட்களுக்குப் பிரசார வேலையைக் கொடுத்துப் பணம் கட்டு, இல்லாவிட்டால் ஆதரவு இல்லை என்று மிரட்டியதற்காக. கறுப்பு அங்கி போடப் போகிறவர்களே இப்படி மிரட்டலுக்கு ஆளாகிறார்கள் என்றால், வேட்பாளரைக் கிளப்பிடமே விட்டுவிட்டு வீட்டில் இருக்கலாமா?

நீதிபதிக்கு 70 வயதாகிற ஆண்டின் கடைசியில் ஓய்வு. நடுவில் 10 ஆண்டு முடிந்தால் திரும்பவும் தேர்தல். நீதிபதி மேல் புகார் இருந்தால் மாநில நீதித்துறை நடத்தை ஆணையத்துக்கு எழுதலாம். கோபமாகப் பேசினார், மொழிபெயர்ப்பாளர் கேட்டும் தரவில்லை என்பவை எழுதத்தக்கவை. தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் அது மேல்முறையீடு, வேறு வழி.

ஒரு நாள் போய் உட்காருங்கள்

குவீன்ஸ்காரர்களுக்கு ஜமைக்காவில் 89-17 சட்ஃபின் பூலவார்ட். மன்ஹாட்டனில் 111 சென்டர் தெரு, புரூக்ளினில் 141 லிவிங்ஸ்டன் தெரு, பிராங்க்ஸில் 851 கிராண்ட் கான்கோர்ஸ், ஸ்டேட்டன் தீவில் 927 காசல்டன் அவென்யூ. விசாரணை அறைகள் பொதுமக்களுக்குத் திறந்தவை, காரணம் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் பையைச் சோதிப்பார்கள், போனை அணைத்துவிட்டுப் பின் பெஞ்சில் உட்காருங்கள். நான் போன அன்று ஒரு அம்மா கையில் பிளாஸ்டிக் பையோடு நின்றார், உள்ளே கசங்கிய ரசீதுகள். எதிர்த் தரப்பு வக்கீல் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நீதிபதி அவரைக் கையமர்த்திவிட்டு, "ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வையுங்கள், நேரம் இருக்கிறது" என்றார். அந்த அம்மா பத்து நிமிடம் எடுத்து எடுத்து வைத்தார். அறைக் கதவில் ஒட்டியிருந்த அந்த நீதிபதியின் பெயரை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தேன். அவர் பதவிக்காலம் முடிகிற ஆண்டும் அதே தாளில்தான் இருக்கிறது.